நாள் முழுக்க தறி மிதிக்கிறோமே, தனியா வாக்கிங் எதுக்கு? - ஏரோபிக் உடற்பயிற்சி பற்றிய கேள்விகளும் பதில்களும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில் சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில், செய்யாற்றின் கரையை ஒட்டி இருக்கிறது மாகறல். திருஞானசம்பந்தர் பாடிய மாகறலீஸ்வரர் கோயில் இந்த ஊரில்தான் உள்ளது. மூலவர் உடும்பின் வால் போன்ற வடிவில் இருப்பது இந்தத் தலத்தின் சிறப்பு. எலும்பு, மூட்டு, நரம்பு சம்பந்தப்பட்ட நோய்கள் இங்கே வேண்டிக்கொண்டால் தீரும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. அதனால் முட்டி வலியோடும் இடுப்பு வலியோடும் வருபவர்கள் இங்கே அதிகம்.

காஞ்சிபுரம் வட்டாரத்துக்கு இந்த வலிகள் புதுசு கிடையாது. பட்டு நெசவை நம்பியிருக்கும் வீடுகளில் காலையில் தறியில் உட்கார்ந்தால் சாப்பிட எழுந்திருப்பது, மறுபடி உட்காருவது என்றே பொழுது போய்விடும். முட்டி வலிக்கு டாக்டரிடம் போனால் சுகர் இருப்பது தெரியவரும். பிபியும் கூடவே வரும். மருந்துச் சீட்டின் கடைசி வரியில் டாக்டர் எழுதித் தருவது: 'தினமும் 30 நிமிடம் நடைப்பயிற்சி'.

அங்கேதான் அந்தக் கேள்வி வருகிறது. "நாள் முழுக்க காலும் கையும் ஓயாம தறி ஓட்டுறோம். இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ் வேணும்?"

நியாயமான கேள்விதான். தறிக்காரர்கள் மட்டும் இதைக் கேட்பதில்லை. வீட்டு வேலை முழுவதையும் ஒற்றை ஆளாகச் செய்யும் பெண்கள் கேட்கிறார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கும் இளைஞர்களும் கேட்கிறார்கள். உடல் உழைப்பும் உடற்பயிற்சியும் ஒன்றா? ஏரோபிக் பயிற்சியில் அப்படி என்னதான் இருக்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

ஏரோபிக் என்றால் என்ன?

ஏரோபிக் என்றதும் பலருக்கு டிவியில் பாட்டுப் போட்டு கைகாலை ஆட்டும் காட்சிதான் நினைவுக்கு வரும். உண்மையில் அந்த வார்த்தைக்கு 'ஆக்சிஜனைப் பயன்படுத்தி' என்றுதான் அர்த்தம். தொடை, இடுப்பு, முதுகு போன்ற பெரிய தசைகள் ஒரே தாளத்தில் தொடர்ந்து வேலை செய்ய வேண்டும். அந்தத் தசைகளுக்கு ஆக்சிஜன் கொண்டுபோக இதயமும் நுரையீரலும் வழக்கத்தைவிட வேகமாக இயங்க வேண்டும். அதுதான் ஏரோபிக் பயிற்சி. வேக நடை, ஜாக்கிங், சைக்கிள், நீச்சல், ஸ்கிப்பிங், நடனம் எல்லாம் இதில் அடக்கம்.

ஜிம்மில் வெயிட் தூக்குவது வேறு வகை. அது தசையின் பலத்தைக் கூட்டும், உடம்புக்கு அதுவும் தேவை. ஆனால் சில நொடிகள் முழு பலத்தையும் போட்டுவிட்டு ஓய்வெடுக்கிற வேலை அது. ஏரோபிக் என்பது நிதானமாக, விடாமல், பல நிமிடங்கள் போகிற வேலை.

இந்தச் சொல்லை உலகம் முழுக்கப் பிரபலப்படுத்தியவர் அமெரிக்க விமானப்படையில் டாக்டராக இருந்த கென்னத் கூப்பர். அவர் எழுதிய 'ஏரோபிக்ஸ்' புத்தகம் 1968-ல் வெளியானது. 12 நிமிடத்தில் ஒருவரால் எவ்வளவு தூரம் ஓட முடிகிறது என்பதை வைத்து உடல்தகுதியை அளக்கும் 'கூப்பர் டெஸ்ட்' இவருடையதுதான். போலீஸ், ராணுவத் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

வாட்ச் வேண்டாம், வாய் போதும்

நாம் செய்வது ஏரோபிக் அளவை எட்டுகிறதா என்று கண்டுபிடிக்க ஸ்மார்ட்வாட்ச் தேவையில்லை. டாக்டர்கள் பரிந்துரைக்கும் 'பேச்சு சோதனை' ரொம்ப சுலபம்.

* பேசவும் முடிகிறது, பாடவும் முடிகிறது என்றால் அது லேசான வேலை.
* பேச முடிகிறது, ஆனால் பாட முயன்றால் மூச்சு வாங்குகிறது என்றால் அது மிதமான பயிற்சி. இந்த இடத்தைத்தான் எட்ட வேண்டும்.
* நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு இழுக்க வேண்டியிருக்கிறது என்றால் அது தீவிரமான பயிற்சி.

இப்போது தறிக்கு வருவோம். ரேடியோவிலோ செல்போனிலோ பாட்டு ஓட, கூடவே முணுமுணுத்துக்கொண்டு சேலை நெய்ய முடிகிறதா? முடிகிறது என்றால், கை கால் ஓயாமல் அசைந்தாலும் இதயம் இன்னும் 'லேசான வேலை' கட்டத்திலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

தறி ஓட்டுவது ஏன் வாக்கிங் கணக்கில் வருவதில்லை?

குழித்தறியில் நெசவாளர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை மாறி மாறி மிதிக்கிறார். கை நாடாவை ஓட்டுகிறது, ஊடையை அடித்து நெருக்குகிறது. கண் பாவிலேயே இருக்கிறது. கோர்வை சேலை என்றால் பக்கத்தில் இன்னொருவரும் உட்கார வேண்டும். அசாத்தியமான உழைப்பு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உடம்பின் எடையைச் சுமந்து நகர்த்தும் வேலை இதில் இல்லை. இடுப்பும் முதுகும் ஒரே நிலையில் வளைந்திருக்கின்றன. களைப்பது தோளும் கண்ணும் இடுப்பும்தான். இதயத்துக்குப் பயிற்சி கிடைப்பதில்லை.

நெசவில் நடை இருந்த ஒரு பகுதியும் உண்டு. விடியற்காலையில் தெருவில் பாவை நீளமாக நீட்டி விரித்து, கஞ்சி தோய்த்து, அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் நடந்து நூலைச் சரிசெய்வார்கள். தறியில் உட்கார்ந்தபின் அந்த நடையும் கிடையாது.

உட்கார்ந்து செய்யும் வேலை சரி, கடுமையான உடல் உழைப்பும் பயிற்சிக்கு ஈடாகாதா? இதுபற்றி டென்மார்க் ஆராய்ச்சியாளர் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மானும் அவரது குழுவினரும் 2018-ல் எழுதிய கட்டுரை பெரிதாகப் பேசப்பட்டது. ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சி இதயத்தைக் காப்பாற்றுகிறது, வேலையில் செய்யும் உடல் உழைப்பு அப்படிக் காப்பாற்றுவதில்லை என்பதை 'உடலுழைப்பு முரண்' என்று அவர்கள் அழைக்கிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்கள் எளிமையானவை.

* வேலையில் உழைப்பின் வேகம் இதயத்தைப் பலப்படுத்தும் அளவுக்கு உயர்வதில்லை. ஆனால் மணிக்கணக்கில் நீள்கிறது.
* பாரம் தூக்குவதும் ஒரே நிலையில் நிற்பதும் இருப்பதும் ரத்த அழுத்தத்தைக் கூட்டுகின்றன.
* நாள் முழுவதும் நாடித்துடிப்பு சற்று உயர்ந்தே இருக்கிறது.
* நடுவில் போதுமான ஓய்வு கிடைப்பதில்லை.
* எப்போது நிறுத்தலாம், எப்போது வேகத்தைக் குறைக்கலாம் என்ற முடிவு உழைப்பவர் கையில் இல்லை.
* ஓய்வில்லாத உழைப்பால் உடம்பில் அழற்சி கூடுகிறது.

வாக்கிங் போகிறவர் களைத்தால் பெஞ்சில் உட்காரலாம். முகூர்த்தத்துக்குச் சேலை கொடுத்தாக வேண்டியவர் உட்கார்ந்து மூச்சு வாங்க முடியாது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

அதே நேரம், 'வேலையில் செய்கிற அசைவெல்லாம் வேஸ்ட்' என்று முடிவுகட்டிவிட வேண்டாம். இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1.3 லட்சம் பேரை வைத்து நடந்த 'ப்யூர்' ஆய்வின் முடிவு 2017-ல் 'லான்செட்' இதழில் வந்தது. வேலைக்கு நடந்து போவது, வீட்டு வேலை, தொழில் உழைப்பு, விளையாட்டு எதுவாக இருந்தாலும் வாரம் 150 நிமிடத்தைத் தொட்டவர்களிடம் மரண ஆபத்து 28 சதவீதம், இதய நோய் ஆபத்து 20 சதவீதம் குறைவாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் பதில்: அசைவு எதுவானாலும் நல்லதுதான். ஆனால் மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், முடிந்தபின் உடம்புக்கு ஓய்வும் கிடைக்க வேண்டும்.

எல்லாம் ஒரு பஸ்ஸில் தொடங்கியது

உடற்பயிற்சிக்கும் ஹார்ட் அட்டாக்குக்கும் தொடர்பு உண்டு என்பதை முதலில் அறிவியல்பூர்வமாகக் காட்டியது ஒரு பஸ் ஆய்வு. லண்டனின் மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சமூகப் பின்னணி, ஒரே பஸ். ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர் இவர்களை ஒப்பிட்டு 1953-ல் வெளியிட்ட முடிவு: கண்டக்டர்களைவிட டிரைவர்களுக்கு இதய நோய் அதிகம், அது உயிரைப் பறிப்பதும் அதிகம்.

பிறகு மோரிஸ் ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பிரிட்டிஷ் அரசு ஊழியர்களை ஆராய்ந்தார். ஓய்வு நேரத்தில் மூச்சு வாங்க உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இதய நோய் குறைவு என்பது அதில் தெரிந்தது. ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது ஆய்வுதான் முக்கியம். நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவரும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. மோரிஸ் 2009-ல் இறந்தபோது அவருக்கு வயது 99.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

இதயம்: ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தத்தை பம்ப் செய்கிறது. தொடர்ந்து பயிற்சி செய்தால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தத்தின் அளவு கூடும். அதே 5 லிட்டருக்குக் குறைவான துடிப்பே போதும். ஓய்வு நாடித்துடிப்பு 75-லிருந்து 65 ஆகக் குறைந்தால், ஒரு நாளைக்கு 14,400 துடிப்புகள் மிச்சம்.

ரத்தக்குழாய்: ரத்தம் வேகமாக ஓடும்போது குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கிறது. அது குழாயைத் தளர்த்தி விரிய வைக்கிறது. பிபி உள்ளவர்கள் தொடர்ந்து ஏரோபிக் பயிற்சி செய்தால் மேல் எண் 5 முதல் 8 புள்ளிகள் வரை குறையும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நல்ல கொழுப்பான எச்டிஎல் கொஞ்சம் கூடும், ட்ரைகிளிசரைடு குறையும்.

சுகர்: சாப்பாட்டில் வரும் சர்க்கரை தசைக்குள் போக இன்சுலின் என்ற சாவி வேண்டும். சர்க்கரை நோய் வந்தவர்களுக்கு அந்தச் சாவி சரியாகத் திருகுவதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் உதவி இல்லாமலேயே வேறொரு கதவு திறக்கிறது. நடக்கும்போது சுகர் இறங்குவது இதனால்தான். இந்தப் பலன் ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும். அதனால்தான் 'இரண்டு நாளுக்கு மேல் சேர்ந்தாற்போல் இடைவெளி விடாதீர்கள்' என்று சுகர் நோயாளிகளிடம் டாக்டர்கள் சொல்கிறார்கள்.

மூளை: அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு வருடம் நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு, ஞாபகசக்திக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. வயதாக ஆகச் சுருங்கும் பகுதி அது. 2011-ல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு, 'உடற்பயிற்சி உடம்புக்கு மட்டும்' என்ற எண்ணமே மாறிவிட்டது. தூக்கம் சீராவது, மனச்சோர்வும் பதற்றமும் குறைவது இவையெல்லாம் தொடர்ந்து செய்பவர்கள் சில வாரங்களிலேயே உணரக்கூடியவை.

எடை: பலரும் ஏமாறுகிற இடம் இது. அரை மணி நேரம் நடந்தால் செலவாகும் கலோரியை இரண்டு வடையில் திரும்பப் பெற்றுவிடலாம். எடை மெஷினில் முள் அசையவில்லை என்று பயிற்சியை நிறுத்துகிறவர்கள் அதிகம். எடை குறையாவிட்டாலும் பலன் உண்டு. அதற்குச் சென்னையிலேயே ஆதாரம் இருக்கிறது.

சென்னை சொன்ன பதில்கள்

டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்த 'இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம்' என்ற ஆய்வின் முடிவு 2006-ல் வெளியானது. சுகர் வருவதற்கு முந்தைய கட்டத்தில் இருந்த 531 பேர் இதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு தினமும் அரை மணி நேரமாவது வேக நடை, இனிப்பும் எண்ணெயும் குறைத்த சாப்பாடு. மூன்றாவது பிரிவினருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவது பிரிவினருக்கு இரண்டும்.

மூன்று வருடத்தில் ஆலோசனை மட்டும் பெற்ற பிரிவில் 55 சதவீதம் பேருக்கு சுகர் வந்துவிட்டது. நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்த பிரிவில் அது 39.3 சதவீதம். மாத்திரை சாப்பிட்டவர்களில் 40.5 சதவீதம். இரண்டும் சேர்ந்த பிரிவில் 39.5 சதவீதம். அதாவது, நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் சேர்ந்து மாத்திரை தந்த அளவு பாதுகாப்பைத் தந்தன. முக்கியமான விஷயம், இவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை. அப்படியிருந்தும் சுகர் தள்ளிப்போனது.

இன்னொரு கதை சென்னை ஆசியாட் காலனியில் நடந்தது. 1990-களின் பிற்பகுதியில் டாக்டர் வி. மோகன் குழுவினர் அங்கும், தி.நகர் பகுதியில் உள்ள பாரதி நகரிலும் சுகர், இதய நோய் பற்றிய கணக்கெடுப்பு நடத்தினார்கள். நடுத்தர வர்க்கத்தினர் வசிக்கும் ஆசியாட் காலனியில் வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் வெறும் 14.2 சதவீதம். முடிவுகளை எடுத்துச் சொல்லி விழிப்புணர்வு ஏற்படுத்தியதும் குடியிருப்பவர்களே காசு போட்டு ஒரு பார்க் அமைத்தார்கள். சில வருடம் கழித்துப் பார்த்தபோது அந்த எண்ணிக்கை 58.7 சதவீதமாகியிருந்தது.

பத்து வருடம் கழித்து இரண்டு இடங்களிலும் மறுபடி கணக்கெடுத்தார்கள். ஆசியாட் காலனியில் சுகர் 12.4 சதவீதத்திலிருந்து 15.4 ஆனது. ஏழைகள் வசிக்கும் பாரதி நகரில் 6.5 சதவீதத்திலிருந்து 15.3 ஆகிவிட்டது. 'சுகர் பணக்கார வியாதி' என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. இந்த வித்தியாசத்துக்கு பார்க் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. சாப்பாடு, வருமானம், வேலை எல்லாமே மாறியிருக்கின்றன. ஆனால் நடக்க ஒரு இடமும், நடக்க வேண்டும் என்ற விழிப்பும் யாருக்கு முதலில் கிடைக்கிறது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

நாம் எங்கே நிற்கிறோம்?

ஐசிஎம்ஆர் நடத்திய 'இந்தியாப்' ஆய்வின்படி நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு சுகர் இருக்கிறது. இன்னும் 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறார்கள். இது 2023-ல் வெளியான கணக்கு. அதே ஆய்வுக் குழு தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களை வைத்து 2014-ல் வெளியிட்ட கட்டுரையில், 54.4 சதவீதம் பேர் போதிய உடல் அசைவு இல்லாதவர்கள் என்று தெரியவந்தது. ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்தவர்கள் 10 சதவீதம்கூட இல்லை.

2024-ல் வந்த உலகளாவிய கணக்கும் இதையேதான் சொல்கிறது. இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போதுமான அளவு அசைவதில்லை. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். பெண்களுக்கு விருப்பம் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. நேரமும் இடமும் துணையும் கிடைப்பதில்லை.

எவ்வளவு செய்தால் போதும்?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதுதான்.

* வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான ஏரோபிக் பயிற்சி. அல்லது 75 முதல் 150 நிமிடம் தீவிரப் பயிற்சி.
* வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சி.
* உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறைப்பது.

வாரம் 5 நாள், தினம் 30 நிமிடம் வேக நடை என்றால் 150 ஆகிவிடும். முன்பெல்லாம் ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று சொல்வார்கள். அந்த விதி இப்போது இல்லை. மூணு நிமிடம் வேகமாகப் படியேறினாலும் கணக்குதான்.

அந்த 150 நிமிடமே முடியாது என்கிறீர்களா? தினம் 11 நிமிடம், அதாவது வாரம் 75 நிமிடம் மிதமான பயிற்சி செய்தாலே அகால மரணத்தின் ஆபத்து 23 சதவீதம் குறைவு என்று 2023-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது. பூஜ்யத்திலிருந்து கொஞ்சத்துக்கு வருவதில்தான் பெரிய லாபம்.

வாரம் முழுக்க ஆபீஸ், சனி ஞாயிறு மட்டும்தான் ஃப்ரீ என்றால்? பிரிட்டனில் ஏறக்குறைய 90 ஆயிரம் பேரின் கையில் கருவி கட்டி அளந்த ஆய்வில், 150 நிமிடத்தை இரண்டு நாளில் முடித்தவர்களுக்கும் இதயப் பாதுகாப்பு கிட்டத்தட்ட அதே அளவில் இருந்தது. ஆனால் சுகர் உள்ளவர்களுக்கு இந்த ஃபார்முலா ஒத்துவராது. அவர்களுக்கு இடைவெளி விடாமல் செய்வதுதான் முக்கியம்.

தினம் 10 ஆயிரம் ஸ்டெப்ஸ்? அந்த எண் மருத்துவ ஆய்விலிருந்து வந்ததில்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மான்போ-கே' என்ற அடி எண்ணும் கருவியின் பெயர் அது. 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று அர்த்தம். எட்டினால் சந்தோஷம், எட்டாவிட்டால் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

'மாசாமாசம் பௌர்ணமிக்கு திருவண்ணாமலை கிரிவலம் போறேன், பத்தாதா?' என்று கேட்பவர்களுக்கு: 14 கிலோமீட்டர் நடப்பது நல்ல விஷயம். ஆனால் மாதத்தில் ஒரு நாள் நடந்துவிட்டு 29 நாள் உட்கார்ந்திருந்தால் பலன் தங்காது.

நேரமே இல்லாதவர்கள் என்ன செய்வது?

நெய்கிற சேலைக்குத்தான் கூலி. அரை மணி நேரம் தறியை விட்டு எழுந்தால் அந்த அரை மணி நேரத்துக்கான நெசவு நின்றுபோகும். 'வாக்கிங் போங்க' என்று சொல்வது சுலபம், அதன் விலையைக் கொடுப்பது அவர்கள்தான். அதனால் வேலையோடு ஒட்டிப் போகிற வழிகள்தான் கைகொடுக்கும்.

சாப்பிட்டதும் 10 நிமிடம்: நியூசிலாந்தில் சுகர் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. தினமும் ஏதாவது ஒரு நேரத்தில் சேர்ந்தாற்போல் 30 நிமிடம் நடந்ததைவிட, மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகர் சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 22 சதவீதம் குறைவு. சாப்பிட எப்படியும் எழுந்துதான் ஆக வேண்டும். திரும்பத் தறியில் உட்காருவதற்கு முன் தெருமுனை வரை இரண்டு நடை போய் வரலாம்.

மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள்: நாடாவில் நூல் தீர்ந்து மாற்றும் நேரமாகப் பார்த்து, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எழுந்து இரண்டு நிமிடம் நடக்கலாம். இடுப்பை நிமிர்த்தி, தோளைச் சுழற்றலாம். லேப்டாப் முன்னால் இருப்பவர்களுக்கும் இதேதான். போன் வந்தால் நடந்துகொண்டே பேசுங்கள்.

சைக்கிள்: கடைத்தெருவுக்கும் சொசைட்டிக்கும் பைக்கை எடுப்பதற்குப் பதில் சைக்கிள். வேலையும் முடியும், பயிற்சியும் முடியும்.

வெளியே போக முடியாத பெண்களுக்கு: வீட்டுக்குள்ளேயே நின்ற இடத்தில் நடப்பது, மொட்டை மாடியில் நடப்பது, பாட்டுக்கு ஆடுவது எல்லாமே ஏரோபிக்தான். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை வளரிளம் பெண்களுக்காகவே 'தாண்டவ்' என்ற 10 நிமிட நடனப் பயிற்சியை உருவாக்கியிருக்கிறது. இடமும் கருவியும் வேண்டாம்.

கூட்டாக நடக்க விரும்பினால், தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காணப்பட்டிருக்கிறது. சுகர், பிபி இருக்கிறதா என்று தெரியாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும், தேவைப்படுவோருக்கு பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன.

முட்டி வலி இருக்கிறவர் நடக்கலாமா?

'தேய்மானம் ஆயிடுச்சு, நடந்தா இன்னும் தேயும்' என்பது பரவலான பயம். உண்மை கிட்டத்தட்ட நேர்மாறானது. மூட்டில் உள்ள குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. மூட்டு மடங்கி நீளும்போது உள்ளே இருக்கும் திரவம் அழுத்தப்பட்டு, அதன் வழியாகத்தான் ஊட்டம் போகிறது. அசையாத மூட்டுக்கு ஊட்டமும் குறைவு, அதைத் தாங்கும் தொடைத் தசையும் மெலிகிறது. அதனால்தான் மூட்டுத் தேய்மானத்துக்கு முதல் சிகிச்சையாகவே உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறார்கள்.

சமதரையில், நல்ல செருப்போ ஷூவோ போட்டு, 5 நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டலாம். நடக்கும்போது லேசான வலி பரவாயில்லை. மறுநாளும் வலி கூடுதலாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். மூட்டு வீங்கிச் சிவந்திருந்தால் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். சைக்கிளும் நீச்சலும் மூட்டுக்கு சுலபம். ஆனால் எலும்பு பலமாக, உடம்பின் எடையைக் கால் தாங்கும் நடை போன்ற பயிற்சிதான் உதவும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

* இதய நோய் உள்ளவர்கள், படியேறினாலே நெஞ்சு வலிப்பவர்கள், பிபி கட்டுக்குள் இல்லாதவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளும் தங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.
* இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருக்க வேண்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே சாப்பிட வேண்டும். கால் மரத்துப்போகும் பிரச்சினை இருந்தால் வெறுங்காலோடு நடக்கவே கூடாது.
* கோடையில் வெயில் ஏறுவதற்கு முன்போ, இறங்கிய பின்போ நடக்கலாம். தண்ணீர் அவசியம்.
* நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம், அளவுக்கு மீறிய மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள். 'கேஸ்' என்று நினைத்துப் படுத்துக்கொள்ள வேண்டாம்.
* டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. 'வாக்கிங் போறேனே' என்பது மாத்திரைக்கு மாற்று ஆகாது.

முதல் வாரம் இப்படித் தொடங்கலாம்

முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்து, இரண்டாம் நாள் கால் வலித்து, மூன்றாம் நாள் விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. அதற்குப் பதில் முதல் வாரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 10 நிமிடம் மட்டும். இரண்டாவது வாரம் காலையிலும் 10 நிமிடம். மூன்றாவது வாரம் மதியமும். மூன்று வாரத்தில் தினம் 30 நிமிடம் ஆகிவிடும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும்.

மாகறல் கோயிலுக்கு முட்டி வலியோடு வருகிறவரும் உள்ளே போனால் பிராகாரத்தைச் சுற்றித்தான் வருகிறார். வேண்டுதல் அவரவர் நம்பிக்கை. அந்த நடை மட்டும் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் தினமும் தொடரட்டும்.